குப்பைக்குள் மறையும் எச்சரிக்கை: வேண்டாத மின்னஞ்சலைக் குறைத்து, கணக்கைக் காப்பது எப்படி?

வேண்டாத மின்னஞ்சல்களைப் பற்றி வங்கியின் இதழில் எழுத வேண்டிய தேவை என்ன என்று வாடிக்கையாளர்கள் சிலர் எண்ணக்கூடும். அஞ்சல் பெட்டி நிரம்பி வழிவது ஒரு தொல்லைதான். அதற்கும் நம் சேமிப்புப் பணத்திற்கும் என்ன தொடர்பு?

தொடர்பு மிக நேரடியானது. உங்கள் கணக்கிலிருந்து மின்னணு முறையில் பணம் எடுக்கப்படும்போது வங்கி உங்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. மின்னஞ்சல் முகவரியைப் பதிவு செய்திருந்தால் அதற்கும் அறிவிப்பு வருகிறது. துணிக்கடைத் தள்ளுபடி, கடன் தருவதாகச் சொல்லும் அழைப்பு, வேலைவாய்ப்பு விளம்பரம் ஆகியவற்றின் நடுவே அந்த அறிவிப்பு புதைந்து, ஒரு வாரம் படிக்கப்படாமல் கிடந்தால் என்ன ஆகும்? அதற்கான விடை இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகளிலேயே இருக்கிறது.

மூன்று வேலை நாள்கள்

வாடிக்கையாளரின் ஒப்புதல் இன்றி நடைபெறும் மின்னணுப் பரிவர்த்தனைகளில் அவருடைய பொறுப்பு எவ்வளவு என்பதை ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை வரையறுத்தது. வங்கியின் குறைபாட்டால் இழப்பு நேர்ந்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, இடையிலுள்ள வேறு அமைப்பில் இருக்கிறது என்றால், வங்கியின் அறிவிப்பு கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள்களுக்குள் தெரிவித்தால், சாதாரணச் சேமிப்புக் கணக்கில் அவர் ஏற்க வேண்டிய இழப்பு ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் அது 5,000 ரூபாய். ஏழு நாள்களைத் தாண்டிவிட்டால் அந்தந்த வங்கியின் இயக்குநர் குழு வகுத்த கொள்கைப்படியே முடிவு செய்யப்படும்.

வாடிக்கையாளரே கடவுச்சொல்லையோ ஒருமுறைக் கடவு எண்ணையோ பிறரிடம் கொடுத்திருந்தால் நிலைமை வேறு. அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் கணம் வரை நேர்ந்த இழப்பு முழுவதையும் அவரே ஏற்க வேண்டும். தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியைச் சேரும். இத்தகைய விதிகள் அவ்வப்போது திருத்தப்படக்கூடியவை. நடப்பு வரம்புகளை உங்கள் கிளையில் கேட்டறியலாம். ஆனால் விரைந்து தெரிவிப்பவருக்கே பாதுகாப்பு என்பதே அவற்றின் அடிப்படை.

இந்தக் கணக்கு அறிவிப்பு கிடைத்த நாளை வைத்துத் தொடங்குகிறது. நீங்கள் அதை எப்போது திறந்து படித்தீர்கள் என்பதை வைத்து அன்று. எனவே வேண்டாத மடல்களைக் குறைப்பது வெறும் ஒழுங்கு சார்ந்த செயல் ஆகாது. வேண்டிய மடல் உரிய நேரத்தில் கண்ணில் படுவதற்கான ஏற்பாடு அது.

முகவரி வெளியே போகும் வழி

வேண்டாத மடலுக்கு ஏறத்தாழ மின்னஞ்சலின் வயதே ஆகிறது. 1978 மே மாதத்தில், இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பில், டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் விற்பனை அலுவலர் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். அதுவே முதல் ஸ்பேம் மடல் என்று கருதப்படுகிறது. ஸ்பேம் என்பது டப்பியில் அடைத்து விற்கப்படும் ஓர் இறைச்சியின் பெயர். உணவகத்தில் எதைக் கேட்டாலும் அந்த இறைச்சியே வந்து நிற்பதாக 1970இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த ஒரு நகைச்சுவைக் காட்சியிலிருந்து, கேட்காமலே வந்து குவியும் மடலுக்கு அப்பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒரு கடிதத்தை அஞ்சலில் அனுப்ப அஞ்சல் தலை வேண்டும். பத்து இலட்சம் மின்னஞ்சல் அனுப்புவதற்கோ பெரும் செலவு கிடையாது. பெறுவோரில் மிகச் சிலர் ஏமாந்தாலும் அனுப்பியவனுக்கு ஆதாயமே. இந்தப் பொருளாதாரம் மாறாத வரையில் ஸ்பேம் முற்றிலும் ஒழியாது. குறைக்க மட்டுமே இயலும்.

நம் முகவரி அவர்களுக்கு எவ்வாறு கிடைக்கிறது? பரிசுக் குலுக்கல் படிவங்களில் நாமே எழுதிக் கொடுப்பது ஒரு வழி. பொது இணையப் பக்கங்களில் நாமே வெளியிடுவது மற்றொரு வழி. நாம் எந்தத் தவறும் செய்யாமல், நாம் நம்பிப் பதிவு செய்த நிறுவனத்தின் தரவு களவு போவது மூன்றாவது வழி. பெங்களூருவை மையமாகக் கொண்ட பிக்பாஸ்கெட் என்ற இணைய மளிகை நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் திருடப்பட்ட செய்தி 2020 நவம்பரில் வெளியாயிற்று. ஏறத்தாழ இரண்டு கோடிப் பேரின் பெயர், மின்னஞ்சல் முகவரி, தொலைபேசி எண் முதலியவை அவற்றுள் அடங்கும் என்று கூறப்பட்டது. அந்நிறுவனம் பெங்களூரு சைபர் குற்றப் பிரிவில் புகார் அளித்தது.

இத்தகைய பட்டியல் ஒருமுறை வெளியேறிவிட்டால் அதைத் திரும்பப் பெற இயலாது. நம் பெயரைச் சரியாகச் சொல்லி, நம் தொலைபேசி எண்ணையும் குறிப்பிட்டு ஒரு மடல் வருகிறது என்பதாலேயே அது உண்மையானது என்று நம்பலாகாது என்பதே இதன் பாடம். அந்த விவரங்கள் சந்தையில் விலைபோகும் காலம் இது.

இன்னொன்றையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். 1909 என்ற எண்ணில் பதிவு செய்து விளம்பர அழைப்புகளை நிறுத்திவிட்டோம், மின்னஞ்சல் மட்டும் ஏன் நிற்கவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் அந்த ஏற்பாடு தொலைபேசி அழைப்புகளுக்கும் குறுஞ்செய்திகளுக்கும் உரியது. மின்னஞ்சலுக்கு அது பொருந்தாது. மின்னஞ்சலில் காவல் பணியை நாமும் நம் மின்னஞ்சல் செயலியும் சேர்ந்தே செய்ய வேண்டும்.

செயலி எப்படிப் பிரித்தறிகிறது?

ஜிமெயில், அவுட்லுக், தண்டர்பேர்டு என்று எதைப் பயன்படுத்தினாலும், மடல் நம் பெட்டிக்கு வருமுன் சில சோதனைகளைக் கடந்தே வருகிறது.

முதலாவது, இந்த நிறுவனத்தின் பெயரில் மடல் அனுப்ப இந்தக் கணினிக்கு அனுமதி உண்டா என்பது. இதற்கு எஸ்பிஎஃப் என்று பெயர். இரண்டாவது, மடலில் நிறுவனத்தின் மின்னணு முத்திரை சரியாக இருக்கிறதா, வழியில் யாரேனும் மாற்றினார்களா என்பது. இது டிகேஐஎம். பழைய காலத்தில் பதிவுத் தபாலில் அரக்கு முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது போன்றது இது. மூன்றாவது டிமார்க். இச்சோதனைகளில் தவறும் மடலை என்ன செய்ய வேண்டும் என்று, பெயருக்கு உரிய நிறுவனமே முன்கூட்டிச் சொல்லி வைக்கும் ஏற்பாடு அது. ஒரே நாளில் 5,000க்கும் மேற்பட்ட மடல்களை ஜிமெயில் பயனர்களுக்கு அனுப்பும் நிறுவனங்கள் இந்த மூன்றையும் கடைப்பிடிக்க வேண்டும், விளம்பர மடல்களிலிருந்து ஒரே சொடுக்கில் விலகும் வசதியையும் தர வேண்டும் என்று 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் விதித்திருக்கிறது.

இச்சோதனைகளுக்கும் ஒரு வரம்பு உண்டு. மடல் எந்த முகவரியிலிருந்து வந்ததாகச் சொல்கிறதோ அங்கிருந்தே வந்தது என்பதை மட்டுமே அவை உறுதி செய்கின்றன. அந்த முகவரிக்கு உரியவர் நேர்மையானவரா என்பதை அவை அறிய மாட்டா. மோசடிக்காரர் வங்கியின் பெயரைப் போலவே ஒரு பெயரைப் புதிதாகப் பதிவு செய்து, அதற்கு முறையான முத்திரையும் இட்டு அனுப்பினால் மடல் சோதனையைக் கடந்துவிடலாம்.

இதற்கு மேல், மடலில் உள்ள சொற்களையும் அனுப்பியவரின் வரலாற்றையும் கொண்டு செயலி ஒரு முடிவுக்கு வருகிறது. இதை அது நம்மிடமிருந்தே கற்றுக்கொள்கிறது. எனவே வேண்டாத மடலை வெறுமனே அழித்துவிடுவதைக் காட்டிலும், 'ரிப்போர்ட் ஸ்பேம்' அல்லது 'ஜங்க்' என்ற பொத்தானை அழுத்துவது மேலானது. அழித்தால் செயலி எதையும் கற்பதில்லை. அதுபோலவே, நல்ல மடல் தவறுதலாக ஸ்பேம் பகுதிக்குச் சென்றிருந்தால் 'நாட் ஸ்பேம்' என்று குறிக்க வேண்டும். தண்டர்பேர்டு போன்ற கணினிச் செயலிகளில் இந்தப் பயிற்சியைச் சில வாரங்கள் பொறுமையுடன் அளித்தால் பலன் நன்கு தெரியும்.

குறைப்பதற்கான வழிகள்

முதலில் வருகின்ற மடல்களை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். நமக்குத் தெரிந்த நிறுவனங்கள், நாம் என்றோ பொருள் வாங்கியதன் காரணமாக அனுப்புபவை ஒரு வகை. முன்பின் தெரியாதவர் அனுப்புபவை மற்றொரு வகை. இரண்டிற்கும் மருந்து வேறு.

தெரிந்த நிறுவனத்தின் விளம்பரத்திற்கு 'அன்சப்ஸ்கிரைப்' என்ற விலகல் வசதியே போதும். ஜிமெயிலில் அனுப்பியவரின் பெயருக்கு அருகிலேயே அது தென்படும். நாம் இணைந்துள்ள எல்லா விளம்பரப் பட்டியல்களையும் ஒரே இடத்தில் காட்டும் 'மேனேஜ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்ற பகுதியும் இப்போது இருக்கிறது.

தெரியாதவரின் மடலில் உள்ள விலகல் இணைப்பை ஒருபோதும் அழுத்தலாகாது. பதிலும் எழுதலாகாது. "என்னைத் தொந்தரவு செய்யாதீர்கள்" என்று எழுதும் பதில்கூட, இந்த முகவரியில் ஆள் இருக்கிறார், மடலைப் படிக்கிறார் என்று அவர்களுக்கு உறுதி செய்து கொடுக்கும். அத்தகைய மடலை ஸ்பேம் என்று குறித்துவிட்டு அகலுவதே நன்று.

மடலில் உள்ள படங்களும் ஒற்றர்களாகக்கூடும். கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிறு புள்ளி அளவிலான படத்தை மடலில் வைத்து, அது திறக்கப்படும்போது அனுப்பியவரின் கணினிக்குத் தகவல் போகும்படி செய்வது பழக்கத்தில் உள்ள முறை. தண்டர்பேர்டு இத்தகைய வெளிப் படங்களை இயல்பாகவே தடுத்து வைக்கிறது. ஜிமெயிலின் அமைப்புப் பகுதியில், வெளிப் படங்களைக் காட்டுமுன் கேட்க வேண்டும் என்ற தெரிவை நாம் அமைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் பயனுள்ள வழி, முகவரிகளைப் பிரித்து வைப்பது. வங்கி, வருமான வரி, ஓய்வூதியம், காப்பீடு ஆகியவற்றிற்கென ஒரு முகவரி. கடை, பயணம், திரைப்படச் சீட்டு, போட்டிகள் ஆகியவற்றிற்கு மற்றொன்று. முதல் முகவரியை வேறெங்கும் கொடுக்காமல் காத்தால், அந்தப் பெட்டியில் வரும் ஒவ்வொரு மடலும் கவனத்திற்கு உரியதாக அமையும். கடை முகவரிக்கு வங்கியின் பெயரில் ஒரு மடல் வந்தால் அது போலி என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். இரண்டாவது முகவரியைத் தொடங்க விரும்பாதவர்கள், ஜிமெயிலில் தம் பெயருக்குப் பின் கூட்டல் குறியும் கடையின் பெயரும் சேர்த்துக் கொடுக்கலாம். மடல் அதே பெட்டிக்குத்தான் வரும். ஆனால் முகவரி எந்தக் கடையிலிருந்து கசிந்தது என்பது விளங்கும்.

முகவரியை மாற்றினால் கிளையில் அதைப் பதிவு செய்ய மறவாதீர்கள். பணி ஓய்வு பெற்றவர்களுக்கு இது சிறப்பாகப் பொருந்தும். ஹெச்ஏஎல், பெல், ஐடிஐ போன்ற பெங்களூருவின் பொதுத்துறை நிறுவனங்களில் பணியாற்றியவர்கள் அலுவலக முகவரியை வங்கியில் கொடுத்திருந்தால், ஓய்வுக்குப் பின் அந்தப் பெட்டி மூடப்பட்டுவிடக்கூடும். அறிவிப்பு யாரும் திறக்காத வீட்டின் வாசலில் கிடக்கும்.

போலி மடலை அறிதல்

விளம்பரம் தொல்லையோடு நின்றுவிடும். வங்கி, வருமான வரித் துறை, மின்சார வாரியம் ஆகியவற்றின் வேடத்தில் வரும் தூண்டில் மடல் பணத்தையே குறி வைக்கும். நம் நாட்டில் இதற்கு ஒரு முன்னோடி வழக்கு தமிழ்நாட்டில் நடந்தது.

வெளிநாட்டில் பணிபுரிந்து வந்த ஒருவர் தூத்துக்குடியில் ஒரு தனியார் வங்கியின் கிளையில் கணக்கு வைத்திருந்தார். 2007இல், வங்கியிடமிருந்து வந்தது போன்ற தோற்றத்துடன் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதை நம்பி அவர் விவரங்களை அளித்தார். சில நாள்களில் அவர் கணக்கிலிருந்து 6.46 இலட்சம் ரூபாய் வேறொரு கணக்கிற்கு மாற்றப்பட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் தீர்ப்பு வழங்கும் அலுவலராக இருந்த, தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் பி.டபிள்யூ.சி. டேவிதார் 2010 ஏப்ரல் 12 அன்று ஆணை பிறப்பித்தார். வாடிக்கையாளரின் கவனக்குறைவே காரணம் என்ற வங்கியின் வாதம் ஏற்கப்படவில்லை. முறையற்ற நுழைவைத் தடுக்க உரிய கவனம் செலுத்தியதாக வங்கி நிறுவவில்லை என்று கூறி, 12.85 இலட்சம் ரூபாய் வழங்குமாறு ஆணையிட்டார். வங்கி மேல்முறையீடு செய்தது. வழக்கு மேலும் பல ஆண்டுகள் நீண்டது.

இந்த ஆணை வங்கிகளாகிய எங்களுக்கு ஒரு பாடம். எங்கள் பெயரில் வரும் மடல் உண்மையா என்று அறிந்துகொள்ள வாடிக்கையாளருக்கு வழி செய்து தருவது எங்கள் கடமை. வாடிக்கையாளருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நியாயம் அவர் பக்கமே இருந்தபோதிலும், அதைப் பெறுவதற்கு ஆண்டுகள் ஆயின. ஒரு மடலைத் திறக்குமுன் எடுத்துக்கொள்ளும் அரை நிமிடம் அத்தனை ஆண்டுகளை மிச்சப்படுத்தும்.

அந்த அரை நிமிடத்தில் பார்க்க வேண்டியது அனுப்பியவரின் முழு முகவரியை. செயலி பெரிதாகக் காட்டும் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதன்மேல் விரலை வைத்தால் உண்மையான முகவரி தோன்றும். அதையும் எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். 2015இல் பொதுத்துறை நிறுவனமான ஓஎன்ஜிசி, சவூதி நாட்டின் அராம்கோ நிறுவனத்திற்கு அனுப்பிய நாஃப்தா சரக்கிற்கான 197 கோடி ரூபாய் மோசடிக்காரர்களின் கணக்கிற்குப் போய்விட்டதாகப் புகார் எழுந்தது. ஓஎன்ஜிசியின் மின்னஞ்சல் முகவரியில் இரண்டு எழுத்துகளை முன்பின்னாக மாற்றி, ஓஜிஎன்சி என்று அமைத்திருந்தார்கள். பணம் அனுப்ப வேண்டிய கணக்கு மாறிவிட்டது என்று அந்த முகவரியிலிருந்து போன மடல் நம்பப்பட்டது.

பீன்யாவில் சிறுதொழில் நடத்துவோரும் சிக்பேட்டையில் பட்டு வணிகம் செய்வோரும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் பெயரில், "எங்கள் வங்கிக் கணக்கு மாறியுள்ளது, இனி இந்தக் கணக்கில் செலுத்தவும்" என்று மடல் வந்தால், அந்த மடலில் உள்ள எண்ணை விடுத்து, உங்களிடம் முன்பே உள்ள எண்ணில் அழைத்துப் பேசி உறுதி செய்த பின்னரே பணம் செலுத்துங்கள்.

வங்கிகளின் இணையதளங்களை இனங்காண ஒரு நல்ல அடையாளம் இப்போது கிடைத்திருக்கிறது. இந்திய வங்கிகளுக்கென 'டாட் பேங்க் டாட் இன்' என்ற தனி முடிவை ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் தேதிக்குள் வங்கிகள் அதற்கு மாற வேண்டும் என்று பணித்தது. ஐதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி நிறுவனம் மட்டுமே இந்தப் பெயர்களைப் பதிவு செய்து தரும். எனவே வெளியார் எவரும் இந்த முடிவுள்ள பெயரை விலைக்கு வாங்க இயலாது. ஆனால் அது முகவரியின் கடைசியில் இருக்க வேண்டும். 'பேங்க் டாட் இன்' என்பதற்குப் பின் மேலும் ஒரு புள்ளி வைத்து, வேறொரு பெயரும் 'டாட் காம்' என்ற முடிவும் சேர்ந்திருந்தால் அது வங்கியின் தளம் ஆகாது. முதல் சாய்கோடு வரையுள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் படிக்கும் வழக்கம் இதற்கு உதவும்.

எளிய விதி ஒன்று போதும். மடலில் உள்ள இணைப்பின் வழியே வங்கித் தளத்திற்குச் செல்ல வேண்டா. முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள், அல்லது வங்கியின் செயலியைத் திறந்து பாருங்கள். மடல் கூறும் செய்தி உண்மையானால் அது அங்கும் இருக்கும். கடவுச்சொல், ஒருமுறைக் கடவு எண், அட்டையின் பின்புறமுள்ள மூன்று எண்கள் ஆகியவற்றை நாங்கள் மின்னஞ்சலில் கேட்பதே இல்லை. வருமான வரித் துறையும் கடவுச்சொல், வங்கிக் கணக்கின் இரகசிய எண் போன்றவற்றை மின்னஞ்சலில் கேட்பதில்லை என்று அறிவித்திருக்கிறது. வரி திரும்பக் கிடைக்கும் பருவத்திலும், ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்று அளிக்கும் நவம்பர் மாதத்திலும் கூடுதல் விழிப்பு தேவை.

இணைப்புக் கோப்புகளிலும் கவனம் வேண்டும். பிடிஎஃப் என்று தொடங்கி, புள்ளிக்குப் பின் இஎக்ஸ்இ என்று முடியும் கோப்பு ஆவணம் அன்று. அது ஒரு நிரல். ஏபிகே என்று முடியும் கோப்பு உங்கள் கைப்பேசியில் அமர்ந்துகொள்ளக் காத்திருக்கும் செயலி. வங்கியின் செயலியை அதிகாரப்பூர்வமான செயலிக் கடையிலிருந்து மட்டுமே பெற வேண்டும்.

பெட்டிக்கே பூட்டு

பல இணையக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் வழி மின்னஞ்சல் மூலமாகவே போகிறது. ஆகவே அஞ்சல் பெட்டி பிறர் கைக்குப் போனால் மற்றக் கணக்குகளும் ஆபத்துக்குள்ளாகும். வேறெங்கும் பயன்படுத்தாத, நீளமான கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கு வையுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் இயக்கி வையுங்கள்.

பலர் பார்க்கத் தவறும் ஓர் இடம் இருக்கிறது. பெட்டிக்குள் நுழைந்துவிட்ட திருடர்கள் சத்தமின்றி ஒரு கட்டளையை எழுதி வைப்பதுண்டு. வங்கியின் பெயரில் வரும் மடல்களை உடனே அழி, அல்லது எங்கள் முகவரிக்கு அனுப்பு என்பது போன்ற கட்டளை அது. கடவுச்சொல்லை மாற்றிய பின்னரும் அந்தக் கட்டளை இயங்கிக்கொண்டே இருக்கலாம். ஜிமெயிலின் அமைப்புப் பகுதியில் 'ஃபில்டர்ஸ்', 'ஃபார்வர்டிங்' என்ற இரு பகுதிகளையும் திறந்து, நீங்கள் எழுதாத எதுவும் அங்கே இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அவுட்லுக்கில் இது 'ரூல்ஸ்' என்ற பெயரில் இருக்கும்.

அதே வசதியை உங்களுக்கு நன்மையாகவும் பயன்படுத்தலாம். வங்கியிடமிருந்து வழக்கமாக வரும் அறிவிப்பு மடலைத் திறந்து, அந்த முகவரிக்கென ஒரு ஃபில்டர் அமையுங்கள். ஸ்பேம் பகுதிக்கு அனுப்பாதே, நட்சத்திரக் குறி இடு, தனிப் பெயரின்கீழ் சேர் என்று மூன்று தெரிவுகளை அதில் குறியுங்கள். முகவரியை முதலில் நன்கு சரிபார்த்த பின்னரே இதைச் செய்ய வேண்டும். வாரத்திற்கு ஒருமுறை ஸ்பேம் பகுதியையும் நோக்குங்கள். ஜிமெயில் அங்குள்ள மடல்களை 30 நாள்களில் தானே அழித்துவிடும். தவறிப் போய் அங்கு விழுந்த நல்ல மடலும் அதனுடன் போய்விடும்.

தவறு நேர்ந்துவிட்டால்

போலி இணைப்பை அழுத்தி விவரம் கொடுத்துவிட்டீர்கள், அல்லது நீங்கள் செய்யாத பரிவர்த்தனை பற்றிய அறிவிப்பு வந்திருக்கிறது என்றால், வெட்கமோ தயக்கமோ வேண்டா. படித்தவர்களும் பதவியில் இருந்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். முதலில் வங்கியின் 24 மணி நேர உதவி எண்ணை அழைத்துக் கணக்கையும் அட்டையையும் முடக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை உங்கள் அட்டையின் பின்புறமோ கணக்குப் புத்தகத்திலோ பாருங்கள். இணையத்தில் தேடினால் போலி எண்கள் கிடைக்கக்கூடும். புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள். இணையவழி நிதி மோசடிகளுக்கென மத்திய அரசு ஏற்படுத்திய இந்த அமைப்பில் வங்கிகளும் காவல் துறையும் இணைக்கப்பட்டுள்ளன. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்கிற்குத் தாவுமுன் தடுத்து நிறுத்த முயல்வதே இதன் நோக்கம். ஆகவே நிமிடங்களுக்கும் மதிப்பு உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். நாட்டின் முதல் சைபர் குற்றக் காவல் நிலையம் 2001இல் பெங்களூருவில்தான் தொடங்கப்பட்டது. இன்று நகரின் காவல் கோட்டங்களில் இத்தகைய குற்றங்களுக்கெனத் தனி நிலையங்கள் இயங்குகின்றன.

பின்னர், வேறொரு கணினியிலிருந்து மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றி, மேலே கூறிய ஃபில்டர், ஃபார்வர்டிங் பகுதிகளைச் சரிபாருங்கள். மோசடி மடலை அழித்துவிடாதீர்கள். அது சான்று.

2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி, நீங்கள் தெரிவித்த 10 வேலை நாள்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாள்களுக்குள் புகாருக்குத் தீர்வு காண வேண்டும். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று கூறுவதாயின் அதை மெய்ப்பிக்கும் சுமை வங்கியினுடையது. உங்கள் உரிமைகளை அறிந்துகொண்டு கேளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கான வேலை

மேலே கூறியவை அனைத்தையும் ஒரே நாளில் செய்ய வேண்டும் என்பதில்லை. அரை மணி நேரம் கிடைத்தால் இந்த ஐந்தை மட்டும் முடித்துவிடுங்கள்.

1. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

2. ஃபில்டர், ஃபார்வர்டிங் பகுதிகளைத் திறந்து பாருங்கள்.

3. வங்கி அறிவிப்புகளுக்கு நட்சத்திரக் குறி இடும் ஃபில்டரை அமையுங்கள்.

4. மிகுதியாக விளம்பரம் அனுப்பும் பத்து நிறுவனங்களின் பட்டியலிலிருந்து விலகுங்கள்.

5. வங்கியின் உதவி எண்ணையும் 1930ஐயும் கைப்பேசியில் சேமியுங்கள்.

வீட்டிலுள்ள முதியவர்களின் கைப்பேசியிலும் இதையே செய்து கொடுங்கள். பதிவு செய்த மின்னஞ்சல் முகவரி எது என்று நினைவில்லாதவர்கள், அடுத்த முறை கிளைக்கு வரும்போது கணக்குப் புத்தகத்தையும் அடையாளச் சான்றையும் கொண்டு வந்தால் பார்த்துச் சொல்வோம். மாற்ற வேண்டியிருந்தால் மாற்றியும் தருவோம். நாங்கள் அனுப்பும் அறிவிப்பு உங்கள் கண்ணில் உரிய நாளில் பட்டால்தான், விதிகள் உங்களுக்குத் தரும் பாதுகாப்பு முழுமையாகப் பயன்படும்.